எண்ணெய் வைக்காத தலை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளை பெற்றேன்; வளர்த்தது ஐந்து. ஒன்றும் சாகவில்லை. மூத்தவனை ஒன்பது வயதில் கப்பல் ஏற்றிவிட்டேன், அவ்வளவுதான்.

அது இலங்கையில் கலவர வருஷம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே கடைகள் எரிந்துகொண்டிருந்தன. என் கொழுந்தனார் குடும்பத்துக்கு இந்தியா போகக் கடுதாசி வந்திருந்தது. இவனையாவது கூட்டிக்கொண்டு போங்கள், பின்னாலேயே நாங்களும் வருகிறோம் என்று கையில் பிடித்துக் கொடுத்தோம். தங்கள் பிள்ளை என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு கப்பல் நின்றுபோனது. நாங்கள் இலங்கையிலேயே கொழுந்து பறித்துக்கொண்டு இருந்துவிட்டோம். அவன் குன்னூருக்கு மேலே ஜெகதளாப் பக்கம் வளர்ந்து, படித்து, பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஆனான். பெயர் சந்திரன். வீட்டில் ராசு.

நடுவில் ஒரே ஒருமுறை தங்கை கல்யாணத்துக்கு வந்தான். அப்போது இருபத்து நாலு வயது. அதற்குப் பிறகு போனில் குரல்தான். போன வருஷம் அவன் அப்பா செத்தபோது வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். கொள்ளி இரண்டாவது மகன் வைத்தான், கருமாதி மொட்டையும் அவன்தான் போட்டான். எங்கள் வரிசை வீட்டு லயத்தில் கேட்டவர்களிடமெல்லாம், படித்த உத்தியோகம், நம்மைப்போல நினைத்தபோது நிற்க முடியாது என்று நானே நிமிர்ந்து நின்று சொன்னேன். உள்ளுக்குள் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

அதனால் ஒரு பிடிச் சாம்பலை மட்டும் ஆற்றில் விடாமல் பால்மா டின்னில் போட்டு, மெழுகுத் துணியால் கட்டி, கொல்லையில் கொய்யா மரத்தில் தொங்கவிட்டிருந்தேன். வருஷத் திதிக்கு மூத்தவன் மொட்டை போட்டுத் தன் கையால் அதைக் கரைக்க வேண்டும். செய்வானா மாட்டானா என்று கடல் தாண்டிப் போய் நேரிலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

இன்னொரு சாமானும் எடுத்துக்கொண்டேன். ஒரு போத்தல் எண்ணெய். கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டு நானே காய்ச்சியது. சின்னதில் சனிக்கிழமை தவறாமல் அவன் தலையில் இதைத்தான் வைப்பேன். அவன் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு சின்னக் குழி உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் இருந்து விழுந்து, அம்மி விளிம்பில் பட்டது. எண்ணெய் தேய்க்கும்போது என் நடுவிரல் தானாகப் போய் அந்தக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். அவன் முகம் எனக்கு மறந்த நாள் உண்டு. அந்தக் குழி மறந்த நாள் இல்லை.

விமானம் இறங்கிய இடத்தில் ஒரு அதிகாரி டின்னைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பால்மாவா அம்மா என்று கேட்டார். இல்லை தம்பி, என் வீட்டுக்காரர் என்றேன். அவர் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, தூங்குகிற குழந்தையை இறக்கிவைப்பதுபோல மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு என் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

வெளியே மருமகள் மல்லிகா டாக்ஸியோடு நின்றாள். முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். வாட்டசாட்டமான பெண், நல்ல சிரிப்பு. மேட்டுப்பாளையம் வரை வாய் ஓயாமல் பேசினாள். ராசு எலும்பும் தோலுமாக ஓடுகிறானாம், விடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவானாம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அவன் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிறானா? அவள் கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டினாள். அதோ பாருங்க அத்தை, அருவி என்றாள். நான் பார்த்தேன். அங்கே பாறைதான் இருந்தது.

மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. நடு ரோட்டில் காட்டெருமை. எங்கள் ஊரில் இந்த மிருகம் கிடையாது. கறுப்பாக, வெள்ளைக் காலுறை போட்டதுபோல, லயத்துக் கதவு அகலத்துக்கு நெஞ்சு. பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது, லாரி வந்து அடித்தது. அது நகரவில்லை. என் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்தது. என் மடியில் டின் இருந்தது.

டிரைவர் மெல்லச் சொன்னார்: "வண்டியப் பாத்தா நகந்துருமுங்க எப்பவும். இன்னைக்கு என்னமோ எதையோ தேடுதுங்க."

நான் முந்தானையை எடுத்து டின்னை மூடினேன். அது தலையைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது.

வழியில் ஒரு கடையில் வர்க்கியும் பால் டீயும் வாங்கிக் கொடுத்தாள். வர்க்கி நன்றாக இருந்தது, கடித்தால் ஏடு ஏடாக உதிர்கிறது. டீயில் பாலும் சீனியும்தான் தெரிந்தது, தேயிலை தெரியவில்லை. நான் அறுபது வருஷம் கொழுந்து பறித்தவள். பால் இல்லாத வெறும் தேத்தண்ணியை ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால்தான் எனக்குத் தேத்தண்ணி. மலையும் இலையும் எங்கள் ஊர்தான். ஆனால் இங்கே மூடுபனி வேறு மாதிரி. எங்கள் பனி மேலிருந்து இறங்கும். இது கீழிருந்து ஏறி வருகிறது, படி ஏறி வருகிற ஆள்போல.

வீட்டு வாசலில் பனிக்குள் அவன் நின்றான். நான் வண்டியை விட்டு இறங்கி நின்றபடியே பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணோரம் சுருக்கம் விழுந்து, முகத்துக்கு ஐம்பது வயது சரியாக இருந்தது. தலைக்கு மட்டும் இருபத்து நாலு. கல்யாணத்துக்கு வந்தபோது இருந்த அதே கறுப்பு, அதே வகிடு, நெற்றிக்கு மேலே கோடு போட்டதுபோல அதே விளிம்பு. ஒரு நரை இல்லை. யாரோ இரண்டு பேரைப் பாதிப் பாதியாகச் சேர்த்து நிறுத்திவைத்ததுபோல இருந்தது.

காலில் விழுந்தான். உச்சியில் கை வைக்கக் குனிந்தேன். அதற்குள் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பார்த்தவர்களுக்குப் பாசமாகத்தான் தெரிந்திருக்கும். கையைப் பிடித்த வேகம் எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பாம்பின் கழுத்தை அப்படித்தான் பிடிப்பார்கள். அவன் மேலே ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. ஊசி போடுவதற்கு முன்னால் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட்.

"வாங்கம்மா. பிரயாணம் நல்லா இருந்துதுங்களா?" என்றான்.

மற்ற ஐந்தும் என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லும். இவன் பள்ளிக்கூடத்துக்கு வந்த பெற்றோரிடம் பேசுவதுபோலப் பேசினான்.

டின்னை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலுக்கு வெளியே பேரிக்காய் மரத்தில் கட்டினேன். கட்டும்போது பேத்தி கயல் பக்கத்தில் வந்து நின்றாள். பதின்மூன்று வயது, கண்ணாடி போட்ட பிள்ளை. உள்ளே தாத்தா இருக்காரா அப்பாயி என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. விடியும் முன்னே எண்ணெயைச் சுட வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் நீலச் சட்டையும் கான்வாஸ் செருப்புமாக வெளியே வந்தான். உட்காரடா என்றேன். கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. நெருப்பைப் பார்த்ததுபோல ஓரடி பின்னால் போனான். நேரமாகிவிட்டது என்றான், சளி என்றான், இன்னொரு நாள் என்றான். பிறகு ஓடியே போய்விட்டான். பனி அவனை மூடிக்கொண்டது. கிண்ணத்தில் எண்ணெய் ஆறி ஆடை கட்டும்வரை நான் அங்கேயே இருந்தேன்.

எண்ணெய்க்குப் பயப்படுகிறவன் எப்படி மொட்டைக்குத் தலை கொடுப்பான் என்று முதலில் நினைத்தேன். அடுத்ததாக வந்த நினைப்பை எழுதவே கூசுகிறது. ஒன்பது வயதில் பிரிந்த பிள்ளை. கப்பலில் எத்தனை பிள்ளைகள் போயின. இவன் என் பிள்ளைதானா?

அந்த வீட்டில் பின்பக்கம் ஒரு சின்ன அறை பூட்டியே கிடந்தது. அவர் ஸ்கூல் சாமான் என்றாள் மல்லிகா. சாவி அவள் இடுப்பில் இருந்தது. மத்தியானம் அரிசிம்பருப்புச் சோறு போட்டு நெய் ஊற்றினாள். கைமணம் உள்ளவள்தான். ஆனால் அவன் தலையை நான் பார்க்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில் பட்டம்மா என்று ஒருத்தி. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், விதவை. என் விரல் காய்ப்பைப் பார்த்த உடனே சிநேகமாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விறகு அடுக்கிக்கொண்டே, உங்கள் பையன் ஓடி வருகிறதை வைத்துத்தான் நான் நேரம் பார்ப்பேன் என்று ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். ஓடைக்கரையில் ஒரு வழுக்கைத்தலை ஆளைப் பார்க்கிறாளாம். உங்கள் பையன் போட்டிருக்கிற அதே நீலச் சட்டையாம். தண்ணீரையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்குமாம்.

"கூப்புட்டாத் திரும்பறதில்லீங்கம்மா. பனி வந்து மூடிரும். பனி விலகுச்சுன்னா அங்க யாருமில்ல, உங்க பையன்தான் தல நெறைய முடியோட மேல ஓடியாறாரு. மனுசன்னா எங்க போகுமுங்க?"

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருஷம் இருக்கும் என்றாள்.

ஒரு வருஷம். என் வீட்டுக்காரருக்குக் கடைசி முப்பது வருஷம் உச்சியில் முடி கிடையாது. அதைச் சொல்லாமல் விறகை அடுக்கினேன்.

திங்கட்கிழமை காலையில் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். பூட்டிய அறையின் சன்னல் திறந்திருந்தது. சன்னலுக்கு உள்ளே ராசு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கழுத்துக்குக் கீழே தெரியவில்லை, பின்தலை மட்டும். ஈர முடி, வகிடு எல்லாம் அவனுடையதுதான். ராசு என்று கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டேன். காற்று அடித்தது, கொடியில் சேலை பறந்தது, அந்தத் தலை அசையவில்லை.

அப்போது கீழே ரோட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டையோடு அவன் ஓடிப் போகிறான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வளைவில் மறைந்தான். நான் மறுபடியும் சன்னலைப் பார்த்தேன். தலை அங்கேயே இருந்தது.

பயந்தேன் என்று சொல்ல மாட்டேன். ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா உள்ளிருந்து வந்து சட்டென்று சன்னலைச் சாத்தினாள்.  அவள் எனக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொடுத்தாள். 

அதற்குமேல் என்னால் வீட்டுக்குள் இருந்து யோசித்துக்கொண்டிருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை அவன் ஓடப் போனதும் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு பேரிக்காய் மரத்தில் இருந்து டின்னை அவிழ்த்தேன். பட்டம்மா சொன்ன ஓடைக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். அங்கே நிற்பது அவர்தான் என்றால் அவருடையதை அவரிடம் காட்டிக் கேட்டுவிட வேண்டும். மகன் வரவில்லை என்று இங்கே வந்து அலைகிறீர்களா என்று கேட்க வேண்டும். ஐம்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் கேட்கலாம்.

பனி இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது. தேயிலை மேலாக மிதப்பதுபோல நடந்தேன். ஓடை ஒரு பாறைக்கு அடியில் தேங்கி நிற்கிற இடம் வந்தது. அங்கே நின்றார்.

முதுகு தெரிந்தது. நீலச் சட்டை. வழுவழுப்பான உச்சி. தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துப் பிடரியில் இருந்து நெற்றிவரை மூன்று முறை தேய்த்துத் துவட்டினார். துண்டை ஒரே உதறு உதறினார். சாட்டை சொடுக்கியதுபோலச் சத்தம் கேட்டது.

தோட்டத்தில் எல்லோரும் குளிக்கிற பீலிக்கரையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் சோறு போடுவேன். மூன்று முறை, ஒரு உதறு. வேறு யாரும் அப்படித் துவட்டி நான் பார்த்ததில்லை.

"இந்தாங்க" என்றேன். அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

திரும்பியது. என் வீட்டுக்காரரின் முகம். சாவதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த முகம். அந்த முகம் வாயைத் திறந்து "அம்மா" என்றது.

கையில் என்னவோ கறுப்பாகத் தொங்கியது. செத்த அணில் என்று நினைத்தேன். அது முடி. சன்னலில் பார்த்த அதே முடி, அதே வகிடு. அவன் அதைத் தலையில் வைக்கப் பார்த்தான், அது நழுவித் தண்ணீர் ஓரத்தில் விழுந்தது. அதை எடுக்கவும் முடியாமல் என்னைப் பார்க்கவும் முடியாமல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு நின்றான். ஐம்பது வயது ஆள், பள்ளிக்கூடமே பயப்படுகிற மாஸ்டர்.

நான் டின்னைக் கீழே வைத்தேன். பக்கத்தில் போய் அவன் கையை எடுத்துவிட்டுத் தலையில் என் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. நடுவிரல் யாரையும் கேட்கவில்லை. உச்சிக்குப் பின்னால் போய், குழியில் உட்கார்ந்துகொண்டது.

என் கைக்கு அடியில் குனிந்தபடியே பேசினான்.

"இருபத்தேழு வயசுல எல்லாம் கொட்டிப் போச்சும்மா. பொண்ணு பாக்கப் போறதுக்காக வச்சேன். அப்புறம் கழட்ட முடியல. அப்பா கருமாதிக்கு வந்தா கத்திக்குத் தல குடுக்கணும். அத்தன சனத்துக்கு முன்னாடி இதப் பிச்சு வச்சுட்டு உக்காரணும். டிக்கெட் எடுத்துட்டேன்மா. ஏர்போர்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

 லயத்தில் நின்று நான் சொன்ன பொய்யெல்லாம் காதில் கேட்டது.

"அவரு மொகத்த நான் கடைசியாப் பாக்கல. ஒருநாள் ஓடிட்டு வந்து இங்க இதக் கழட்டி மொகம் கழுவினேன். தண்ணில அப்பா இருந்தாரும்மா. அதுல இருந்து தெனமும் வர்றேன். நீ திட்டு, பரவால்ல."

நீ என்று சொன்னான். நான் திட்டவில்லை. துண்டை அப்படி உதற யார் சொல்லிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டேன். எப்படி உதறினேன் என்று திருப்பிக் கேட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள், சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பூட்டிய அறையில் மேசைமேல் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்றில் செய்த இரண்டு தலைகள், கண் மூக்கு இல்லாமல். ஒன்றில் முடி காய்ந்துகொண்டிருந்தது, இன்னொன்று வெறுமையாக இருந்தது. ஒன்றை மாட்டினால் ஒன்றை அலசிக் காயவைப்பானாம். சீப்பு, பசை, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், ஸ்பிரிட் போத்தல். அந்த வாசனை இதுதான். எண்ணெய் பட்டால் பசை பிடிக்காதாம். அதனால்தான் என் கிண்ணத்தைப் பார்த்து அப்படிப் பின்வாங்கினான்.

ஓடுகிறவனுக்கு இது பெரிய பாடு. வேர்வையில் முன்விளிம்பு கழன்றுவிடுமாம். ஓட்டம் முடிந்ததும் கழற்றி, துடைத்து, காயவிட்டு, புது டேப் வைத்து ஒட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான். சட்டைப் பையில் எப்போதும் டேப் துண்டு இருக்கும். பிள்ளைகளோடு பந்து ஆடினால் தலையால் மட்டும் முட்ட மாட்டான். ஒருமுறை ஊட்டியில் ஓட்டப் பந்தயம், நடுவில் மழை. விளிம்பு தூக்கிவிட்டது. தலைவலிபோலக் கையை நெற்றியில் அழுத்திக்கொண்டே ஏழு கிலோமீட்டர் ஓடினானாம். அப்படியும் மூன்றாவதாக வந்தானாம். மல்லிகா சொல்லிச் சிரித்தாள், அவனும் சிரித்தான். அந்த வீட்டில் அதற்கு அப்போதுதான் முதல்முறையாகச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

நிஜ முடியா என்று கேட்டேன். நிஜம்தான், யாரோ ஒரு பெண் கோயிலில் காணிக்கை கொடுத்ததாக இருக்கும் என்றான். தொட்டுப் பார்த்தேன். வளர்ந்த முடிக்கு உள்ள உயிர்ச்சூடு இல்லை, ஆனால் செத்ததுபோலவும் இல்லை. எந்த ஊர்க்காரியோ, எந்தப் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டாளோ. அவள் வேண்டுதல் என் பிள்ளை தலையில் ஏறி இத்தனை வருஷம் மலையெல்லாம் ஓடியிருக்கிறது. கும்பிட்டுவிட்டு அதே பஞ்சுத் தலையில் வைத்தேன்.

திதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதைப் பேசியபோது அவன் முகம் மறுபடியும் இறுகியது. உச்சியில் எடுக்க ஒன்றுமில்லை. காதுக்கு மேலேயும் பிடரியிலும் வளையமாகச் சொந்த முடி உண்டு. அந்த முடியோடு சேர்த்துத்தான் மேலே உள்ளது பொருந்தும். அதையும் எடுத்துவிட்டால் மூன்று மாதம் இதை மாட்ட முடியாது. மூன்று மாதம் அருவங்காட்டு பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்கு முன்னால் வெறுந்தலையோடு நிற்க வேண்டும். வளர்ந்து வரும்போது மேலே ஒன்றும் முளைக்காததை எல்லோரும் பார்ப்பார்கள்.

எடு என்று நான் சொல்லவில்லை. டின் மரத்தில் இருக்கிறது, நீ கரைத்தாலும் சரி, நான் திருப்பிக் கொண்டுபோனாலும் சரி என்றேன். கல் மனசு என்று நினைத்திருப்பான். எனக்கு அது கெஞ்சிக் கேட்கிற சாமான் இல்லை.

சனிக்கிழமை காலையில் எண்ணெயைச் சுட வைத்தேன். கூப்பிடவில்லை. அவனாக வந்து, வெறுந்தலையோடு, கீழே என் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்தான். போத்தலில் பாதி தீர்ந்தது. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து தூங்கிவிட்டான். ஒன்பது வயதிலும் இப்படித்தான். கயல் வந்து எட்டிப் பார்த்தாள். அப்பா இப்பத்தான் அப்பா மாதிரி இருக்கார் அப்பாயி என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு எப்போதோ தெரியுமாம். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பி மேட்டுப்பாளையத்துக்குக் கீழே பவானி ஆற்றங்கரைக்குப் போனோம். காதுவரை மறைக்கிற குல்லா போட்டிருந்தான். கரையில் நாலைந்து குடும்பங்கள், வரிசையாக மொட்டைத் தலைகள். நாவிதர் ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார். ராசு உட்கார்ந்தான். குல்லாவை எடுக்கவில்லை. பின்னால் ஆள் காத்திருந்தது. நான் டின்னைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன், அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கெஞ்சுவதாகிவிடும்.

கடைசியில் குல்லாவை எடுத்தான். "குடுக்க ஒண்ணும் இல்லீங்க" என்று நாவிதரிடம் சொன்னான்.

அவர் தலையைச் சுற்றிப் பார்த்தார். கையில் தண்ணீரை அள்ளித் தெளித்தார்.

"அப்பாவுக்குங்களா? இருக்கறதக் குடுத்தாப் போதுமுங்க" என்றார்.

ராசு குனிந்தான். நாலு இழுப்பில் முடிந்துவிட்டது. எழுந்து திரும்பியபோது நான் பார்த்தது அவனை இல்லை, அவரைத்தான். டின்னை அந்தக் கையில் கொடுத்தேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சாம்பலைத் தலைக்குமேலே தூக்கிப் பின்பக்கமாக விட்டான். சாம்பல் போகாமல் அவனைச் சுற்றி ஒரு வட்டம் நின்றது. பிறகு ஆறு எடுத்துக்கொண்டு போனது. அப்போது நன்றாக விடிந்திருந்தது, பக்கத்தில் கோயிலில் எட்டு மணிப் பூஜை மணி அடித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். பட்டம்மா வேலி ஓரம் நின்றாள். ராசுவின் தலையைப் பார்த்து, அப்பாவுக்குச் செய்துவிட்டாரா, நல்லது என்றாள். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள்.

"இன்னைக்குங் காத்தால வந்துச்சுங்கம்மா. பேக்டரில எட்டு மணி சங்கு ஊதுச்சு, அப்பப் பாத்தேன். நீலச் சட்டை இல்லீங்க, வெள்ள வேட்டி. துண்ட ஒரு ஒதறு ஒதறுச்சு பாருங்க, இங்க வரைக்குங் கேட்டுச்சு. அப்படியே எறங்கிப் போயிருச்சு."

எட்டு மணிக்கு ராசு ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். துண்டைப் பற்றி நான் பட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரை வெள்ளை வேட்டியில்தான் அனுப்பினோம் என்பதும் அவளுக்குத் தெரியாது. நான் ஒன்றும் விளக்கம் கேட்கவில்லை. இனி வராது என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை வரவில்லை என்கிறாள்.

இது நடந்து பத்து நாள் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மொட்டையா சார் என்று கேட்டார்களாம். எங்க அப்பாவுக்கு என்றானாம், அதற்குமேல் யாரும் கேட்கவில்லையாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதை மாட்டுவானா, மாட்டானா, அது அவன் பாடு. நான் கேட்க மாட்டேன். இரண்டு தலையும் சன்னலில் இருக்கிறது. காலையில் நான்தான் அந்தப் பெண்ணின் முடியை ஒருமுறை சீவிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு கயலின் நோட்டில் பென்சிலால் இவ்வளவும் எழுதிவிட்டேன். கயல், இங்கே வா. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடக்கத்தில் இருந்து எனக்குப் படித்துக் காட்டு. சத்தமாகப் படி. உன் அப்பன் வாசலில் செருப்புக்கு நாடா கட்டிக்கொண்டிருக்கிறான், அவன் காதில் விழட்டும். எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறானோ அந்த இடத்தில் நிறுத்து, அழித்துவிடலாம். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கடைசிவரை படி.